தேன் குடிக்கும் வௌவாலும் ஓசனிச்சிட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் கூர்ப்புப் பாடத்துக்கு வந்ததும் ஒரு கேள்வி எழும். ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு விலங்குகள் எப்படி ஒரே தொழிலைச் செய்யத் தொடங்கின? பூவின் முன் பறந்தபடியே நின்று தேன் குடிக்கும் ஒரு வௌவாலும் ஒரு பறவையும் இதற்கு அருமையான உதாரணம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளைப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டதையும் அவர்களுடைய அம்மா அப்பாமார் கேட்டதையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பறவையை எல்லாருக்கும் பிடிக்கும். வௌவாலைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் அதன் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே நிற்பேன்.

எந்த வௌவால், எந்தப் பறவை?

வௌவால், குளோசோபாகா சொரிசினா என்ற நீள்நாக்கு வௌவால். ஜேர்மன் இயற்கையியலாளர் பல்லாஸ் 1766இல் இதற்குப் பெயர் வைத்தார். எடை ஏறத்தாழ 10 கிராம். மெக்சிக்கோ தொடங்கித் தென் அமெரிக்காவின் பெரும்பகுதி வரை பரவியிருக்கிறது. இந்தப் பெயரில் இருந்த வௌவால்களை அண்மைக் காலத்தில் சில இனங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஆனால் ஆய்வுகளில் பெரும்பாலானவை பழைய பெயரிலேயே இருப்பதால் நானும் அதையே வைத்துக்கொள்கிறேன். ஆய்வுகூடத்தில் நன்றாக வாழும் விலங்கு இது. தேனுண்ணும் வௌவால்களைப் பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பங்கு இதிடமிருந்து கற்றதுதான்.

பறவை, ஹம்மிங்பேர்ட் என்று நாம் சொல்லும் ஓசனிச்சிட்டுகளில் ஒன்றான செவ்வால் ஓசனிச்சிட்டு. அறிவியல் பெயர் அமசிலியா ட்சாகாட்ல். எடை 5 கிராம் அளவு. பச்சைக் கழுத்து, செம்பழுப்பு வால், சிவந்த அலகு. மெக்சிக்கோவிலிருந்து எக்குவடோர் வரை தோட்டங்களிலும் காட்டோரங்களிலும் சாதாரணமாகக் காணலாம். கொஸ்தாரிக்கா போன்ற நாடுகளில் இரண்டும் ஒரே நிலத்தில் வாழ்கின்றன. பகலில் சிட்டு, இரவில் வௌவால். அதனால்தான் இந்த இரண்டையும் எடுத்தேன்.

இவற்றைக் கொழும்பில் பார்க்கலாமா?

முடியாது. ஓசனிச்சிட்டு இனங்கள் 360க்கும் மேல் இருந்தாலும் அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களிலும் அவற்றை அடுத்த தீவுகளிலும் மட்டுமே வாழ்கின்றன. நீள்நாக்கு வௌவாலின் குடும்பமும் அப்படித்தான். அமெரிக்காக்களைத் தாண்டி எங்கும் இல்லை.

அப்படியென்றால் எங்கள் வீட்டு வெட்சிச் செடியில் நான் பார்த்தது என்ன?

இந்தக் கேள்வி அடிக்கடி வரும், பெரும்பாலும் போனில் எடுத்த ஒரு வீடியோவோடு. இரண்டு பேரில் ஒருவராகத்தான் இருக்கும்.

முதலாமவர் தேன்சிட்டு. கொழும்பில் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு, ஊதாத் தேன்சிட்டு, நீண்டு வளைந்த அலகுள்ள லோட்டன் தேன்சிட்டு ஆகிய மூன்றையும் தோட்டங்களில் பார்க்கலாம். 1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்த ஆளுநராக இருந்த யோன் கிதியோன் லோட்டனின் பெயர்தான் கடைசிச் சிட்டுக்கு. அதை லின்னேயஸ் விவரித்த ஆண்டும் 1766. நம் வீட்டுத் தேன்சிட்டும் அந்தத் தூரதேசத்து வௌவாலும் ஒரே ஆண்டில் அறிவியல் ஏட்டில் ஏறியது எனக்குப் பிடித்த ஒரு தற்செயல். தேன்சிட்டு சில நொடிகள் சிறகடித்து அந்தரத்தில் நிற்கும். ஆனால் பிடித்து உட்கார ஒரு காம்பு கிடைத்தால் அதைத்தான் விரும்பும்.

இரண்டாமவர் பறவையே அல்ல. பகலில் பறக்கும் பருந்து அந்துப்பூச்சி, மக்ரோகுளோசம் என்ற பேரினம். பூவுக்கு முன்னால் அசையாமல் நின்று, சுருண்ட நீள் உறிஞ்சியை நீட்டித் தேன் எடுக்கும். சிறகு தெரியாத வேகம், தடித்த உடல், வால் மாதிரி விரியும் பின்புற மயிர் எல்லாம் சேர்ந்து கண்ணை ஏமாற்றிவிடும். வீடியோவை நிறுத்தித் தலையைப் பாருங்கள். இரண்டு உணர்கொம்புகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது பூச்சி.

வௌவால் உண்மையிலேயே அந்தரத்தில் நிற்குமா? அது சிட்டுக்கு மட்டும் உள்ள திறமை இல்லையா?

நிற்கும். முள்ளந்தண்டுள்ள விலங்குகளில் பூவின் முன் நின்று தேன் எடுப்பதற்கென்றே உடல் அமைந்தவை ஓசனிச்சிட்டுகளும் தேனுண்ணும் வௌவால்களும்தான். ஆனால் நிற்கும் முறை வேறு.

சிட்டின் சிறகில் மேற்கை எலும்பு குறுகியது. சிறகின் பெரும்பகுதி அதன் கைதான். தோள் மூட்டு மிகவும் சுழலக்கூடியது என்பதால் சிறகை முன்னும் பின்னுமாக, கிட்டத்தட்டக் கிடையாக வீசும். பின்னால் போகும்போது சிறகைப் புரட்டிக்கொள்வதால் அந்த வீச்சிலும் உடலைத் தாங்கும் விசை பிறக்கிறது. 2005இல் காற்றோட்டத்தை அளந்து பார்த்தபோது, எடையில் ஏறத்தாழ 75 சதவீதத்தைக் கீழ்வீச்சும் 25 சதவீதத்தை மேல்வீச்சும் தாங்குவது தெரிந்தது. மற்றப் பறவைகள் மெதுவாகப் பறக்கும்போது மேல்வீச்சிலிருந்து அவற்றுக்கு ஒன்றும் பெரிதாகக் கிடைப்பதில்லை.

வௌவாலின் சிறகு வேறு விதம். நீண்ட நான்கு விரல்களுக்கு இடையே விரிந்த தோல். கீழ்வீச்சு நீளமாகவும் ஆழமாகவும் இருக்கும். பிறகு மேலே தூக்கும்போது சிறகைக் கொஞ்சம் மடக்கி, நுனியை மட்டும் தலைகீழாகப் புரட்டி ஓர் உதறு உதறும். 2008இல் இதே நீள்நாக்கு வௌவாலைக் காற்றுச் சுரங்கத்தில் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். மெதுவாகப் பறக்கையில் சிறகின் முன் விளிம்புக்கு மேலே ஒரு காற்றுச் சுழல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. தாங்கும் விசையில் 40 சதவீதம் வரை அந்தச் சுழலிலிருந்தே கிடைக்கிறது. பூச்சிகளில் அறியப்பட்ட இந்த உத்தியை ஒரு வௌவால் கையாளும் என்று அதுவரை யாரும் காட்டியிருக்கவில்லை.

சரி, யார் கெட்டிக்காரர்? 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கொஸ்தாரிக்காவில் சிட்டும் வௌவாலுமாக 20 இனங்களை அளந்து பார்த்தது. மேல்வீச்சில் சிட்டுக்குத்தான் வெற்றி. தேனுண்ணும் வௌவால்கள் மற்ற வௌவால்களை விட மேல்வீச்சை நன்றாகப் பயன்படுத்தினாலும் சிட்டை எட்டவில்லை. வௌவாலின் முறைக்கு உண்மையில் கூடுதல் சக்தி வேண்டும். ஆனால் எடையோடு ஒப்பிட்டால் அதன் சிறகு மிகப் பெரியது, அந்தப் பெரிய சிறகு இழப்பை ஈடுகட்டிவிடுகிறது. கடைசியில் ஒரு கிராம் உடலைக் காற்றில் நிறுத்த இரண்டுக்கும் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய ஒன்றாகவே வந்து நிற்கிறது. எனக்கு இந்த முழு விஷயத்திலும் மிகவும் வியப்பான முடிவு இதுதான்.

சிறகடிப்பு வேகம்?

நீள்நாக்கு வௌவால் நொடிக்கு 15 முறை அளவில் அடிக்கும். செவ்வால் அளவுள்ள ஓசனிச்சிட்டுகள் 30, 40 முறை. மிகச் சிறிய இனங்கள் இன்னும் வேகம்.

இரண்டின் நாக்கும் ஒரே மாதிரியா?

இரண்டும் நீளம், இரண்டும் நீட்டி இழுப்பவை. ஒற்றுமை அத்தோடு சரி.

ஓசனிச்சிட்டு தேனை உறிஞ்சுகிறது, மெல்லிய குழாயில் நீர் தானாக ஏறுவது போல ஏறுகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2011இல் கண்ணாடிப் பூக்களையும் அதிவேகக் கமராவையும் வைத்துப் பார்த்தபோது அது தவறு என்று தெரிந்தது. நாக்கின் முனை இரண்டாகப் பிளந்திருக்கிறது. அதன் ஓரங்களில் மெல்லிய சவ்வு இழைகள். தேனுக்குள் போனதும் முனை விரிந்து இழைகள் அகலும். வெளியே இழுக்கையில் அவை உள்நோக்கிச் சுருண்டு தேனை அடைத்துக்கொள்ளும். 2015இல் இன்னொன்றும் தெரியவந்தது. அலகு நாக்கைத் தட்டையாக நசுக்கி அனுப்புகிறது. தேனைத் தொட்டதும் நாக்கின் பள்ளங்கள் பழைய வடிவத்துக்கு விரிந்து, அந்த விரிவே தேனை உள்ளே இழுக்கிறது. இது நொடிக்குப் பத்துத் தடவைக்கும் மேல் நடக்கிறது.

நீள்நாக்கு வௌவாலின் நாக்கு முனையில் மயிர் மயிராக நீட்சிகள் உண்டு. சும்மா இருக்கும்போது அவை நாக்கோடு படிந்து கிடக்கும். நாக்கு நீளும்போது அதன் தசைகள் சுருங்க, உள்ளே இருக்கும் குருதி முனைக்குத் தள்ளப்படும். ஒவ்வொரு மயிருக்குள்ளும் குருதி புகுந்து, அத்தனையும் செங்குத்தாக எழுந்து நிற்கும். நம் வீட்டுத் தும்புத்தடியை நனைத்து எடுத்தால் தும்புகளுக்கிடையே தண்ணீர் தங்கி வருமே, அப்படித் தேன் தங்கி வரும். 2013இல்தான் இதைப் படம்பிடித்துக் காட்டினார்கள். குருதி நிரம்பும்போது வெளிறியிருந்த முனை செக்கச்சிவக்க மாறுவது அந்தப் படங்களில் தெரியும்.

இன்னும் ஒன்று. தேனுண்ணும் வௌவால்களிலேயே லொன்கோபில்லா என்ற வேறொரு கிளைக்கு இந்த மயிர்கள் இல்லை. அதன் நாக்கின் இரு பக்கமும் நீளமாகப் பள்ளம் ஓடுகிறது. நாக்கைத் தேனுக்குள்ளேயே வைத்திருக்க, தேன் பள்ளம் வழியாக மேலேறி வாய்க்கு வந்து சேர்கிறது. ஒரே குடும்பத்துக்குள்ளேயே இரண்டு தீர்வுகள்.

நீளமான நாக்கை எங்கே வைத்துக்கொள்கின்றன?

ஓசனிச்சிட்டின் நாக்கைத் தாங்கும் எலும்புகள் தொண்டையிலிருந்து மண்டையோட்டின் பின்பக்கமாகச் சுற்றி, உச்சி வழியாக முன்னே வருகின்றன. மரங்கொத்திக்கும் அப்படித்தான்.

நீள்நாக்கு வௌவாலுக்கு இதில் பெரிய சிக்கல் இல்லை. அதன் உறவினமான அனூரா பிஸ்துலாத்தாவைத்தான் பார்க்க வேண்டும். எக்குவடோர் மலைக்காடுகளில் வாழும் சிறிய வௌவால் இது. அதன் நாக்கு ஏறத்தாழ 8.5 சென்ரிமீற்றர், அதாவது உடல் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு. உடலளவோடு பார்த்தால் முலையூட்டிகளில் இதுவே மிக நீளமான நாக்கு. அதன் அடி தொண்டையில் இல்லை. நெஞ்சறைக்குள், நெஞ்செலும்புக்கும் இதயத்துக்கும் இடையில் இருக்கிறது. நாக்குக்குச் சமமான ஆழமுள்ள ஒரு பூ அங்கே உண்டு. அதன் மகரந்தத்தைச் சுமப்பதாக 2006இல் பதிவானது இந்த ஒரு வௌவால் மட்டும்தான். பறவைப் பக்கத்தில் இதற்கு இணை வாளலகு ஓசனிச்சிட்டு. வால் நீங்கலாகப் பார்த்தால் அதன் அலகு உடலை விட நீளம். வௌவால் நாக்கை நீட்டியது, சிட்டு அலகை நீட்டியது.

இவ்வளவு சீனியைக் குடித்தும் சீனி வருத்தம் வராதா?

வீட்டுக்கு வீடு குளுக்கோசு அளக்கும் கருவி இருக்கும் ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? பெரியவர்கள் முதலில் கேட்பதே இதைத்தான்.

முதலில் அளவைப் பாருங்கள். நமக்கு வெறும் வயிற்றில் ஒரு டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது. 126ஐத் தொட்டால் வைத்தியர் கூப்பிட்டுப் பேசுவார். ஓசனிச்சிட்டுக்குப் பட்டினியிலேயே 300 அளவு. தேன் குடித்தவுடன் 750ஐ நெருங்கும். 1998இல் இதை அளந்தவர்கள், குருதியின் ஹீமோகுளோபினில் சீனி எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்றும் பார்த்தார்கள். நம் ஊர் இரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி என்று வருவது அதுதான். மற்றப் பறவைகளை விடக் கூடுதல், ஆனால் சீனி வருத்தம் இல்லாத மனிதருக்கு இருக்கும் அளவுக்குள்தான் இருந்தது.

பறவைகளுக்குப் பொதுவாகவே குருதிச் சீனி கூடுதல். அதனால் சிட்டின் கதையை விட வௌவாலின் கதை எனக்குப் பெரிது, ஏனென்றால் அது நம்மைப் போல ஒரு முலையூட்டி. 2024இல் வெளிவந்த ஆய்வொன்றில் அமெரிக்க வெப்பவலயத்து வௌவால்களில் 29 இனங்களைப் பிடித்து, சீனி கொடுத்து அளந்தார்கள். தேனுண்ணும் சில வௌவால்களில் அளவு 750ஐத் தாண்டியது. மனிதரில் இது உயிராபத்தான நிலை. வௌவாலோ தன் பாட்டில் பறந்து போகிறது.

எப்படிச் சமாளிக்கிறது? நீள்நாக்கு வௌவாலில் செய்த பரிசோதனையில், சீனி குடித்துவிட்டுச் சும்மா தொங்கிய வௌவால்களுக்கு அளவு மேலே போய் அங்கேயே நின்றது. நன்றாகப் பறந்தவற்றுக்கு அளவு தாழ்ந்தது. காலி முகத்திடலில் மாலையில் வேகநடை போடுபவர்களுக்கு வைத்தியர் சொல்லி அனுப்பியதும் இதைத்தான். வேலை செய்யும் தசை சீனியை எடுத்துக்கொள்ளும். வித்தியாசம் என்னவென்றால், வௌவாலின் தசை அதைச் செய்யும் வேகம். குடித்த சீனி சில நிமிடங்களில் பறக்கும் தசைகளில் எரிகிறது. 2007இல் மூச்சுக் காற்றிலுள்ள காபனை வைத்து இதைக் கண்டுபிடித்தார்கள். ஓசனிச்சிட்டிலும் இதே கதை. நாம் உடற்பயிற்சி செய்யும்போது அப்போதுதான் குடித்த சீனியிலிருந்து எடுக்கும் பங்கு இதை விட மிகக் குறைவு. மிச்சத்துக்குச் சேமிப்பைத்தான் எடுக்கிறோம்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை விட வேண்டாம். கோடிக்கணக்கான ஆண்டுகள் தேனோடு வாழ்ந்து மாறிய உடல்கள் அவை.

பறவைக்கு இனிப்புச் சுவை தெரியுமா?

நல்ல கேள்வி. நாக்கில் சுவையை உணரும் புரதத்துக்கு வாங்கி என்று பெயர். முலையூட்டிகள் இனிப்பை உணரும் வாங்கியில் ஒரு பாதியைக் குறிக்கும் மரபணு பறவைகளின் மூதாதையரிலேயே தொலைந்துவிட்டது. கோழிக்கு இனிப்புத் தெரியாது. ஓசனிச்சிட்டு வேறு வழி கண்டது. புரதச் சுவையை உணரும் வாங்கி மாறி, சீனியை உணரத் தொடங்கிவிட்டது. இது 2014இல் தெரிந்தது. நம் தேன்சிட்டுகள் சேர்ந்த பாடும் பறவைகளின் கூட்டமும் தனியே, வேறு மாற்றங்களால் அதே வாங்கியை இனிப்புக்குத் திருப்பியிருக்கிறது என்று 2021இல் காட்டினார்கள்.

இருட்டில் பூ எங்கே இருக்கிறது என்று வௌவாலுக்கு எப்படித் தெரியும்?

மணம், எதிரொலி, நினைவு. கண்ணும் உதவும். வௌவாலுக்குக் கண் தெரியாது என்பது பொய். நீள்நாக்கு வௌவாலுக்கு நாம் காணாத ஊதாக்கடந்த ஒளி கூடத் தெரியும் என்று 2003இல் காட்டியிருக்கிறார்கள்.

சிட்டுக்கான பூக்கள் பெரும்பாலும் சிவப்பு, குழாய் வடிவம், மணமில்லை. வௌவாலுக்கான பூக்கள் வெளிறியவை, அகன்ற வாய் உள்ளவை, மாலையில் மலர்பவை. அவற்றின் மணம் நமக்குப் பிடிக்காது, கோவா அழுகிய வாடை அடிக்கும். கந்தகச் சேர்வைகள்தான் காரணம். ஆனால் நீள்நாக்கு வௌவாலுக்கு அந்த வாடைதான் அழைப்பு.

எதிரொலிதான் இதில் அழகான பகுதி. வௌவால் நம் காதுக்கு எட்டாத கழியொலியை எழுப்பி, திரும்பி வரும் ஒலியால் பொருளை அறிகிறது. மத்திய அமெரிக்காவில் நம் ஊர்ப் பூனைக்காலியின் பேரினத்தைச் சேர்ந்த ஒரு கொடி உண்டு, முக்குனா ஹோல்டொனி. அதன் பூ தயாரானதும் ஓர் இதழ் நிமிர்ந்து நிற்கும். அந்த இதழில் சிறிய குழிவு ஒன்று. ஒலி எந்தப் பக்கமிருந்து வந்தாலும் வந்த பக்கமே பலமாகத் திருப்பி அனுப்பும் வடிவம். ஆய்வாளர்கள் அந்தக் குழிவுக்குள் பஞ்சை வைத்து அடைத்தார்கள். வௌவால்கள் அந்தப் பூக்களில் பெரும்பாலானவற்றைத் தவறவிட்டன. 1999இல் வெளிவந்தது இது. கியூபாவில் மார்க்கிராவியா எவேனியா என்ற கொடிக்குப் பூங்கொத்தின் மேலே கிண்ண வடிவில் ஓர் இலை நிற்கும். அதே வடிவ இலையை வைத்து நீள்நாக்கு வௌவால்களைப் பழக்கிப் பார்த்தபோது, தேனைத் தேடும் நேரம் பாதியாகக் குறைந்தது. இது 2011இல். பூ வௌவாலோடு ஒலியால் பேசுகிறது என்று சொன்னால் மிகையாகாது.

மகரந்தத்தை யார் நன்றாகச் சுமக்கிறார்கள்?

வௌவால். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கிறது. எக்குவடோரில் இரண்டும் வந்து போகும் ஒரு பூவை வைத்து 2010இல் ஒப்பிட்டார்கள். ஒரு வருகையில் வௌவால் பூவில் சேர்த்த மகரந்தம் சிட்டு சேர்த்ததைப் போல் பல மடங்கு. அடர்ந்த மயிரில் தூள் நன்றாகத் தங்குகிறது.

தேன் கிடைக்காத நேரத்தில் என்ன செய்யும்?

இரண்டுமே உடலைக் குளிரவிட்டு அனுசேபத்தை, அதாவது உடல் சக்தியைச் செலவழிக்கும் வேகத்தை, குறைத்துக்கொள்ளும். பெருவின் அந்தீசு மலையில் ஓர் ஓசனிச்சிட்டின் உடல் வெப்பநிலை இரவில் 3.3 பாகை செல்சியசு வரை இறங்கியதை 2020இல் பதிவு செய்தார்கள். காலையில் அது மீண்டும் சூடேறிப் பறந்துவிடும். நீள்நாக்கு வௌவாலும் உணவு குறைந்தால் உடலைக் குளிரவிடும், அவ்வளவு ஆழத்துக்கு இல்லை. அதன் கையிருப்பு மிகக் குறைவு. உடலில் இருக்கும் கொழுப்பில் பாதிக்கு மேல் ஒரே நாளில் செலவாகிவிடும்.

குஞ்சு, குட்டி?

சிட்டு இரண்டு முட்டை இடும். கூடு கட்டுவது, அடைகாப்பது, ஊட்டுவது எல்லாம் தாய்தான். வௌவால் ஒரு முறைக்கு ஒரு குட்டிதான் ஈனும், பால் கொடுத்து வளர்க்கும்.

சோதனையில் இதை எப்படி எழுதுவது?

உறுப்பையும் தொழிலையும் பிரித்துப் பாருங்கள். முன்னவயவம் என்று பார்த்தால் சிட்டின் சிறகும் வௌவாலின் சிறகும் அமைப்பொத்தவை. மேற்கை எலும்பு, முன்கை எலும்புகள், விரல்கள் எல்லாம் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை. பறக்கும் உறுப்பு என்று பார்த்தால் தொழிலொத்தவை. ஏனென்றால் பறவைக்கும் முலையூட்டிக்கும் பொதுவான மூதாதை, ஏறத்தாழ 32 கோடி ஆண்டுகளுக்கு முன் தரையில் நடந்த ஒரு விலங்கு. அது பறக்கவில்லை. இரண்டு வழியும் தனித்தனியே பறப்பைக் கண்டுபிடித்தன, பிறகு தனித்தனியே தேனையும் கண்டுபிடித்தன. இதுதான் குவி கூர்ப்பு. “சிறகு தொழிலொத்தது” என்று மட்டும் எழுதி நிறுத்தினால் பாதி விடைதான்.

ஓசனிச்சிட்டு இந்தப் பக்கம் என்றுமே இருந்ததில்லையா?

இலங்கையில் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. ஆனால் ஐரோப்பாவில் இருந்தது. ஜேர்மனியில் கிடைத்த, 3 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான புதைபடிவம் ஒன்று 2004இல் விவரிக்கப்பட்டது. நீண்ட அலகும் அந்தரத்தில் நிற்கத்தக்க தோள் எலும்புகளும் உள்ள சிறு பறவை. அதற்கு வைத்த பெயர் யூரோட்ரோகிலஸ் இனெக்ஸ்பெக்டேட்டஸ். பழைய உலகத்திலிருந்து அந்தக் குலம் பிறகு அற்றுப்போனது.

விகாரமகாதேவி பூங்கா மரங்களில் தொங்கும் வௌவால்களும் தேன் குடிக்குமா?

குடிக்கும். அவை பெரிய பழந்தின்னி வௌவால்கள். ஒரு கிலோவுக்கும் மேல் வளரக்கூடியவை. ஒன்றின் எடைக்கு நூறு நீள்நாக்கு வௌவால்கள் வேண்டும். அந்த உடலோடு அந்தரத்தில் நிற்க முடியாது. கிளையைப் பிடித்துத் தொங்கித்தான் தேனையும் பழத்தையும் உண்ணும். எதிரொலியையும் பயன்படுத்துவதில்லை, கண்ணையும் மூக்கையும் நம்பி வாழ்பவை. உங்கள் வீட்டு ஜம்புவையும் கொய்யாவையும் இரவில் சப்பிப் போடுவது பெரும்பாலும் இதன் சிறிய உறவான குறுமூக்குப் பழந்தின்னி வௌவால்.

இலவம்பஞ்சு மரம் வெப்பவலய அமெரிக்காவில் இயற்கையாக வளர்வது. அங்கே அதன் பூவுக்கு நீள்நாக்கு வௌவாலும் போகும். அதே மரத்தை இங்கே கொண்டுவந்து நட்டோம். நீள்நாக்கு வௌவால் இங்கே இல்லை. ஆனாலும் பூ வீணாகவில்லை. தென்னிந்தியாவில் செய்த ஆய்வில், பழந்தின்னி வௌவால்கள் இலவம்பூவுக்கு இரவில் வந்து தேன் குடித்து மகரந்தம் சுமப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அதே இனங்கள் இலங்கையிலும் உண்டு. முகம் தெரியாத ஒரு மரத்துக்கு நம் ஊர் வௌவால் செய்யும் வேலை இது. தோட்டத்துக்கு வரும் சிட்டைக் கண்டதும் போனைத் தூக்கும் நாம், இரவில் வந்து வேலை செய்பவரைத் துரத்துவது எனக்கு மனவருத்தம்.

வௌவால் வீட்டுக்குள் வந்தால் கெடுதியா? நோய் வருமா?

கெடுதி ஒன்றுமில்லை. வழிதவறிய விலங்கு, அவ்வளவுதான். விளக்கை அணைத்து, யன்னலைத் திறந்துவிட்டால் போய்விடும்.

நோயைப் பற்றிக் கவனம் தேவை. இலங்கைப் பழந்தின்னி வௌவால்களில் விசர்நாய்க்கடி வைரசின் உறவான ஒரு வைரசைக் கண்டுபிடித்து, கன்னொறுவை என்ற ஊரின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். அதனால் கீழே விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடக் கூடாது. பிள்ளைகளுக்கு இதை முதலில் சொல்லுங்கள். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் வௌவால் கடித்தது என்று சொல்லுங்கள். மரத்தில் தொங்கும் வௌவாலால் கீழே நடந்து போகிறவருக்கு இந்த ஆபத்து இல்லை. கொல்லவோ கலைக்கவோ எந்தத் தேவையும் இல்லை.

வீட்டிலிருந்தே இந்த ஒப்பீட்டைப் பார்க்க வழி உண்டா?

ஒரு வாழை போதும். அமெரிக்காவில் வாழைப்பூவுக்குப் பகலில் செவ்வால் ஓசனிச்சிட்டும் இரவில் நீள்நாக்கு வௌவாலும் வரும். இங்கே பகலில் தேன்சிட்டும் இரவில் குறுமூக்கு வௌவாலும் வருகின்றன.

மடல் ஒன்று மேலே சுருண்டு, உள்ளே ஒரு வரிசைப் பூ தெரியும் நாளைத் தேர்ந்தெடுங்கள். பூவின் அடியில் தேன் தண்ணீராக இல்லாமல் கொழகொழவென்று துளியாகத் தொங்கும். காலையில் தேன்சிட்டு மடலின் விளிம்பைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கி, ஒவ்வொரு பூவிலும் அலகை விட்டு எடுத்து, வரிசையை முடித்துவிட்டுத்தான் போகும். இருட்டிய பிறகு வௌவால் வரும். அது பறந்து வந்து பூவைக் கட்டிப்பிடித்து, ஓரிரு நொடி நக்கிவிட்டு விழுந்து பறந்துவிடும். வெள்ளை டோர்ச் அடித்தால் வராது. டோர்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்டி, சற்றுத் தள்ளி உட்காருங்கள். விழித்திருக்க முடியாவிட்டால் மறுநாள் காலை மடலின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள், நகம் பதிந்த மெல்லிய கீறல்கள் இருக்கும். குலை கெட்டுப்போகும் என்று பயப்பட வேண்டாம். நாம் உண்ணும் வாழை மகரந்தச்சேர்க்கை இல்லாமலே காய்ப்பது, தேன் குடிக்க வருபவரால் காய்க்கு நட்டமில்லை. பழுத்த பிறகுதான் பழத்துக்கு வருவார்கள். அதற்கு முன்பே குலையை வெட்டி உள்ளே வைத்துவிடுங்கள்.